மேடை விளக்கு: ஒரு லக்ஸ் என்ன விலை?

மேடை விளக்கு விற்கும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பார் லைட்டுகளை எதிர்ச் சுவரை நோக்கித் திருப்பி, எல்லா நிறத்தையும் முழுசாக ஏற்றிக் காட்டுவார்கள். ஆறடி தூரத்தில் இரண்டு வெள்ளை வட்டங்கள். எது அதிகம் கூசுகிறதோ அதுதான் ‘பவர் உள்ள’ விளக்கு. விலையும் அதற்கே குறைவு என்றால் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

இந்தச் சோதனையில் ஜெயிப்பது பெரும்பாலும் வட்டம் சிறுத்த, நீலம் தூக்கலான விளக்கு. அதையே சபா மேடையில் இருபதடி தள்ளிக் கட்டி, ஆடுகிற பெண்ணின் முகத்தில் விழவைத்துப் பாருங்கள். முகம் சாம்பல் பூத்திருக்கும். இரண்டடி நகர்ந்தால் இருட்டுக்குள் போய்விடும். விளக்கில் பழுது எதுவுமில்லை. ‘எது பிரகாசம்?’ என்ற கேள்விக்கு வாட், லூமன், கேண்டெலா, லக்ஸ் என்று நான்கு எண்கள் நான்கு விதமாகப் பதில் சொல்லும். கடைக்காரர் முதலாவதைச் சொல்கிறார், விளம்பரத் தாள் இரண்டாவதைச் சொல்கிறது. காசு கொடுக்கிறவர் கேட்கவேண்டியது நான்காவதை என்பது என் கட்சி.

வாட்டிலிருந்தே தொடங்கலாம். ‘54×3 வாட்’ என்று அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும். பள்ளி ஆண்டு விழா முதல் கோயில் திருவிழா வரை நம் ஊர் மேடைகளில் நிறையத் தொங்குவது இந்த ரகம்தான். பெருக்கினால் 162 வாட். ஆனால் பெருக்கக் கூடாது. ‘3 வாட்’ என்பது உள்ளே இருக்கும் ஒவ்வொரு எல்இடி சில்லின் ரகப் பெயர். அது உண்மையில் தின்னும் மின்சாரத்தின் அளவு வேறு. இந்த ரகச் சில்லுக்குப் பொதுவாக ஏற்றக்கூடிய மின்னோட்டம் 700 மில்லி ஆம்பியர். சிவப்புச் சில்லு சுமார் 2.2 வோல்ட்டில் வேலை செய்யும். இரண்டையும் பெருக்கினால் ஒன்றரை வாட். பச்சைக்கும் நீலத்துக்கும் 3.3 வோல்ட் சுமார். அது இரண்டேகால் வாட். முழு மூச்சாக ஓட்டினாலும் மூன்று வருவதில்லை. மலிவான விளக்குகளிலோ, சூட்டுக்குப் பயந்து அந்த அளவுக்குக்கூட ஏற்றமாட்டார்கள். பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன வாட் மீட்டர் ஒன்று கையிலிருந்தால் உண்மை ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, 54 சில்லும் ஒரே நிறமல்ல. சிவப்பு ஒரு டஜன், பச்சையும் நீலமும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், மிச்சம் வெள்ளை என்று பங்கு பிரித்திருப்பார்கள். மகிஷாசுரன் நுழையும்போது மேடை முழுதும் சிவக்கவேண்டும் என்றால் எரிவது அந்த ஒரு டஜன் மட்டுமே. 162 வாட்டுக்குக் காசு கொடுத்தவருக்கு அந்தக் காட்சியில் கிடைப்பது இருபது வாட்டுக்கும் குறைவு.

வாட் என்பது உள்ளே போகும் மின்சாரம். வெளியே வரும் ஒளியைக் கண்ணின் கணக்கில் சொல்வது லூமன். ‘கண்ணின் கணக்கில்’ என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். நம் கண் எல்லா நிறத்துக்கும் ஒரேபோல மசிவதில்லை. பகல் வெளிச்சத்தில் அது மிக எளிதாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட மஞ்சள்கலந்த பச்சையை. அங்கிருந்து சிவப்புப் பக்கமும் நீலப் பக்கமும் போகப்போக உணர்வு சரிகிறது. இந்தச் சரிவைப் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1924-இல் ஒரு வளைகோடாக வரைந்து வைத்தது. நூறாண்டு கழித்தும் உலகம் முழுக்க லூமன் கணக்கு அந்தக் கோட்டை வைத்துத்தான் நடக்கிறது. அதன்படி ஒரு வாட் ஒளி உச்சப் புள்ளியில் 683 லூமன். எல்இடியின் பச்சையில், அதாவது 525 நானோமீட்டர் அருகே, அதே ஒரு வாட் சுமார் 540 லூமன். சிவப்பில் 220. நீலத்தில் 60. சற்றே ஊதாப் பக்கம் நகர்ந்த 450 நானோமீட்டர் நீலத்தில் வெறும் 26. திருமண வரவேற்புகளில் வெள்ளைச் சட்டைகளைப் பளீரென்று ஒளிரவைக்கும் புறஊதா விளக்குக்கு லூமன் கிட்டத்தட்ட பூஜ்யம். சலவைத் தூளில் கலந்துள்ள வெளுப்பூட்டிகள்தான் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கி, தெரிகிற நீலமாக மாற்றி அனுப்புகின்றன. லூமன் கணக்கில் அது விளக்கே அல்ல, மேடையிலோ அதன் வேலையைக் குறை சொல்ல முடியாது.

இந்த வளைகோட்டுக்குள் ஒரு வியாபார வழியும் ஒளிந்திருக்கிறது. மூன்று நிறமும் கலந்து வெள்ளை ஆக்கும்போது லூமனில் பெரும்பங்கு பச்சையுடையது. தொலைக்காட்சித் தரத்தில் வெண்மையின் வெளிச்சத்தைப் பிரித்தால் பச்சைக்கு 71.5 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7. மேடை விளக்கில் விகிதம் கொஞ்சம் மாறும், ஆனால் கதை அதேதான். ஆகவே லூமன் எண்ணை ஏற்ற வேண்டுமா, பச்சையைக் கூட்டு. விளம்பரத் தாளில் காணும் லூமன் பெரும்பாலும் ‘எல்லாச் சில்லும் முழுதாக எரியும்போது’ அளந்தது. அந்த நிலையில் வரும் வெள்ளை, மீன் தொட்டி விளக்குபோலக் குளிர்ந்த, பச்சை நீலம் ஓடிய வெள்ளை. எந்த நாடகத்திலும் எந்த நாட்டியத்திலும் அதை யாரும் முகத்தில் போடுவதில்லை. அதை 3200 கெல்வின் அளவிலான இதமான வெள்ளைக்கு இறக்க, நீலத்தையும் பச்சையையும் குறைத்தாக வேண்டும். குறைக்கும் கணத்தில் தாளில் இருந்த லூமனில் ஒரு பெரிய துண்டு காணாமல் போகும். எனவே லூமன் சொல்கிறவரிடம் ‘எந்த வெள்ளையில்?’ என்று கேட்கவேண்டும். முக்கால்வாசிப் பேரிடம் பதில் இருக்காது.

சரி, நேர்மையாக அளந்த லூமன் என்றே வைத்துக்கொள்வோம். அது எங்கே போய் விழுகிறது என்பது அடுத்த கேள்வி. ஒரே கரண்டி மாவில் ஊத்தப்பமும் ஊற்றலாம், பேப்பர் ரோஸ்ட்டும் இழுக்கலாம். மாவின் அளவு லூமன். கல்லின் மேல் ஓரிடத்தில் அது படிந்திருக்கும் தடிமன் லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். பார்வையாளர் காண்பது தடிமனைத்தான்.

2,000 லூமன் தரும் ஒரு விளக்கை ஆறு மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ இருபதடியில், கட்டியிருப்பதாகக் கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்க, வட்டம் முழுதும் ஒளி சமமாகப் பரவுகிறது என்போம். ஒளிக்கூம்பு 10 டிகிரி என்றால் ஒரு மீட்டர் அகல வட்டம் விழும், அதற்குள் சுமார் 2,300 லக்ஸ். அதே விளக்குக்கு 25 டிகிரி லென்ஸ் போட்டால் வட்டம் இரண்டரை மீட்டருக்கு மேல் விரியும், வெளிச்சம் 360 லக்ஸாக இறங்கும். 40 டிகிரியில் நாலு மீட்டர் சொச்சம் வட்டம், 133 லக்ஸ். சில்லும் மின்சாரமும் லூமனும் மாறவில்லை. லென்ஸ் மட்டும் மாறியதில் பதினேழு மடங்கு வித்தியாசம். கடையில் கூசிய விளக்கின் ரகசியம் பாதி இதில் இருக்கிறது. கோணம் சொல்லாமல் லக்ஸ் சொல்வது, பரப்பு சொல்லாமல் மனை விலை சொல்வதற்கு ஒப்பு என்று எழுத ஆசைதான். மாவு உவமை ஒன்றே போதும் என்று விட்டுவிடுகிறேன்.

கேண்டெலா என்பது ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவு. லக்ஸ் தூரத்தோடு மாறும், கேண்டெலா மாறாது. இரண்டுக்கும் உள்ள உறவைத் தெரிந்துவைத்தால் எந்த விளம்பரத் தாளையும் உரித்துவிடலாம். கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ். ‘ஒரு மீட்டரில் 36,000 லக்ஸ்’ என்று பெருமையடிக்கும் விளக்கு ஆறு மீட்டரில் தருவது 1,000. பன்னிரண்டு மீட்டரில் 250. ஒரு மீட்டர் லக்ஸைப் பெரிதாக அச்சிடுவதன் காரணம் புரிகிறதல்லவா? எந்த நடிகரும் விளக்கிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பதில்லை. போதாததற்கு, விளக்கின் முகப்பு அகலத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு தூரமாவது தள்ளி அளந்தால்தான் இந்த வர்க்க விதி ஒழுங்காகப் பொருந்தும். லென்ஸ் நிறைந்த விளக்குகளுக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும்.

செறிவு என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர் லைட்காரர்கள் அத்தனை பேரும் அறிந்த உதாரணம் ஷார்பி. இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனம் 2010 வாக்கில் கொண்டுவந்த அந்தத் தலையாட்டி விளக்கின் பெயர், இன்று யார் செய்த பீம் லைட்டுக்கும் பொதுப் பெயராகிவிட்டது. அதனுள்ளே இருந்தது எல்இடி அல்ல, வெறும் 189 வாட் டிஸ்சார்ஜ் பல்பு. ஒரு வகுப்பறைக்கு வெளிச்சம் போடும் மின்சாரம் அது. ஆனால் ஒளியை நாலு டிகிரிக்கும் குறைவான கற்றையாக ஒடுக்கிவிட்டதால் இருபது மீட்டருக்கு அப்பால் கிட்டத்தட்ட 60,000 லக்ஸ் விழுந்தது. நடுப்பகல் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் கோடு கிழிக்க அதற்கு நிகரில்லை, ஒரு முகத்தைக் காட்டவோ அது உதவாது. ‘எது பிரகாசம்?’ போட்டியில் ஷார்பியை யாரும் வெல்ல முடியாது என்பதே அந்தப் போட்டி எவ்வளவு பயனற்றது என்பதற்குச் சாட்சி.

கோணத்திலும் இரண்டு வகை எழுதுவார்கள். நடுப்புள்ளியின் வெளிச்சத்தில் பாதியாகக் குறையும் இடம் வரை அளப்பது பீம் கோணம். பத்தில் ஒன்றாகக் குறையும் இடம் வரை அளப்பது ஃபீல்டு கோணம். ஒருவர் பீம் கோணத்தையும் இன்னொருவர் ஃபீல்டு கோணத்தையும் ‘25 டிகிரி’ என்றே எழுதினால் இரண்டும் ஒரே விளக்கென்று நம்பி ஏமாறலாம். இரண்டும் நெருக்கமாக இருந்தால் வட்டம் சமமாக நிரம்பி விளிம்பில் சட்டென்று முடியும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமென்றால் நடுவில் கொதித்து, ஓரத்தில் மெல்லக் கரையும். நாலு விளக்குகளை அடுத்தடுத்துப் படரவிட்டு மேடையை நிரப்ப இந்தக் கரைதல் நல்லதுதான். ஒற்றை விளக்கை நம்பினால் சங்கடம்.

அடுத்து, ‘இந்த எல்இடி பழைய 1000 வாட் பாருக்குச் சமம்’ என்ற பேச்சு. இதில் உண்மையும் உண்டு, புளுகும் உண்டு. எது என்பது நிறத்தைப் பொறுத்தது. ஹாலஜன் பார் 64 விளக்கின் மீடியம் ரகம், சிபி 62 என்ற எண்ணுடையது, நடுவில் சுமார் 1,25,000 கேண்டெலா தரும். குறுகிய ரகமான சிபி 60, அதே 1000 வாட்டில் 3,20,000. மீடியம் ரகத்தையே எடுத்துக்கொண்டால் பத்து மீட்டரில் 1,250 லக்ஸ் இதமான வெள்ளை. 54×3 எல்இடி பார் அந்தத் தூரத்தில் அதே இதமான வெள்ளையில் இதன் கிட்டே நெருங்காது.

இப்போது இரண்டிலும் நீலம் கேளுங்கள். ஹாலஜனுக்கு நிறம் வருவது ஜெலட்டின் தாளால். தாள் நிறத்தைச் சேர்ப்பதில்லை, வேண்டாததைத் தின்றுவிட்டு வேண்டியதை விடுகிறது. ஹாலஜனில் நீலம் இயல்பாகவே கொஞ்சம். மிச்சமெல்லாம் தாளில் சூடாகப் போகும். லைட்டிங் கலைஞர்களின் செல்லமான ‘காங்கோ ப்ளூ’ என்ற ஆழ்ந்த ஊதாநீலத் தாள் விடுவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். 1,250 லக்ஸ் 12 லக்ஸாகிவிடும், 1000 வாட்டை எரித்த பிறகு. எல்இடியில் நீலச் சில்லுகள் மட்டும் எரிந்தால் போதும். ஏறத்தாழக் கணக்குப் போட்டால் முப்பது நாற்பது வாட்டிலேயே அந்தப் 12 லக்ஸைத் தொட்டுவிடலாம். ஆக நிறத்தில் எல்இடி ராஜா, இதமான வெள்ளையில் இன்னும் சிற்றரசன். 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகாமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்து காட்டியதும், அதற்காக அவருக்கும் அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014-இல் நோபெல் கிடைத்ததும் மேடைக்காரர்களுக்கு இந்த வகையில் தனிப்பட்ட நன்மை.

வெள்ளை என்று சொல்லும்போது இன்னொரு சிக்கல். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று கம்பிபோன்ற மெல்லிய நிறங்களைக் கலந்தால் வெறும் சுவரில் வெள்ளைதான் தெரியும். தோலும் பட்டும் வேறு கதை சொல்லும். மனிதத் தோல் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் 590, 600 நானோமீட்டருக்கு மேல் சடாரென்று உயர்கிறது. முகத்தின் உயிரோட்டமே மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் சேரும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. மூன்று நிறச் சில்லில் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே அந்த இடம் பள்ளம். விளைவு, முகத்தில் சாம்பல். காஞ்சிப் பட்டின் அரக்கும் மாம்பழ மஞ்சளும் ஒன்று வெளிறும், இல்லை விகாரமாகப் பளபளக்கும். விரல் நுனிச் செம்பஞ்சு அளவுக்கு மீறி அடர்ந்து தெரியும். பரதநாட்டியத்துக்கு விளக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே, வெள்ளைச் சில்லும் ஆம்பர் சில்லும் சேர்ந்த விளக்கையோ, வெள்ளை மட்டுமே தரும் எல்இடியையோ முகத்துக்கென்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

இதை அளக்க சிஆர்ஐ என்ற எண் இருக்கிறது. 1965-இல் வந்த முறை. எட்டு வெளிர் நிறத் துண்டுகளை விளக்கு எப்படிக் காட்டுகிறது என்று பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போடும். ஹாலஜனுக்கு ஏறத்தாழ 100. வெறும் மூன்று நிற (ஆர்ஜிபி) வெண்மை 50-க்குக் கீழே போவது சகஜம். அந்த எட்டில் அடர்சிவப்பு கிடையாது என்பது பெரிய ஓட்டை. அதை ஆர்9 என்று தனியே சொல்லவேண்டியிருக்கிறது. 90 சிஆர்ஐ என்று மார்தட்டும் விளக்கின் ஆர்9 ஐம்பதைச் சுற்றி நிற்பதும் உண்டு. 2015-இல் வந்த டிஎம்-30 முறை 99 நிறங்களை வைத்து அளக்கிறது, இன்னும் நியாயமானது. தரமான நிறத்துக்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அடர்சிவப்பில் கண்ணுக்கு உணர்வு குறைவு என்பதால் அந்தப் பக்கம் ஒளியைச் செலவழிக்கும் விளக்கின் லூமன் குறைந்தே காணும். லூமனை மட்டும் பார்த்து வாங்குகிறவர் நல்ல விளக்கைத் தாமே ஒதுக்கிவிடுகிறார்.

கண்ணின் இன்னொரு குணத்தையும் பணப்பையோடு சேர்த்து யோசிக்கவேண்டும். இருமடங்கு ஒளி இருமடங்காகத் தெரியாது. ஹார்வர்டின் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் இருட்டில் சிறு ஒளிப்பரப்புகளை வைத்துச் செய்த சோதனைகளின்படி, உணரும் பிரகாசம் ஒளியின் கனமூலத்தை ஒட்டியே வளர்கிறது. ஒளியை இரட்டித்தால் உணர்வு கால்பங்கு சொச்சம் கூடும். இருமடங்கு பிரகாசம் என்று மனம் ஒப்பவேண்டுமானால் எட்டு மடங்கு ஒளி வேண்டும். ஆகவே 3,000 லூமனுக்கும் 3,600 லூமனுக்கும் இடையே விலை பேசி மண்டையை உடைத்துக்கொள்வது வீண். அந்த வித்தியாசத்தைப் பார்வையாளர் யாரும் காணமாட்டார்.

அவர்கள் காண்பது ஒப்பீட்டை. இங்கேதான் இப்போது எல்லா மண்டபத்திலும் வந்துவிட்ட எல்இடி திரை கெடுதல் செய்கிறது. முகத்தில் 500 லக்ஸ் விழுகிறது என்போம். நம்மவர் தோல் அதில் கால்பங்கைத் திருப்பி அனுப்பினால் முகத்தின் ஒளிர்வு சுமார் 40 நிட், அதாவது சதுர மீட்டருக்கு 40 கேண்டெலா. பின்னாலிருக்கும் உள்ளரங்கத் திரை முழு வெள்ளையில் 600 முதல் 1,000 நிட் வரை போகும். முகத்தைவிடப் பின்புறம் பதினைந்து, இருபத்தைந்து மடங்கு பிரகாசம்! ‘முன் லைட் பத்தவில்லை’ என்று இன்னும் நாலு பார் வாங்க ஓடுகிறார்கள். திரையின் பிரகாசத்தைப் பத்து சதவீதத்துக்கு இறக்கினால் ஒரு பைசா செலவில்லாமல் வேலை முடிந்தது. திரைக்காரர் சம்மதிக்கமாட்டார் என்பது வேறு தகராறு.

விளக்கு சூடானபின் என்ன ஆகிறது என்பதைக் கடையில் யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை. எல்இடியின் கற்றையில் வெப்பம் இல்லை என்பது சரி. அது சில்லின் அடியில் தேங்குகிறது. சிவப்புச் சில்லு வெப்பத்துக்கு மிகவும் கோழை. சில்லின் உள் வெப்பம் 25-லிருந்து 85 டிகிரிக்கு ஏறினால் சிவப்பு தன் ஒளியில் மூன்றிலொரு பங்கு அளவை இழக்கலாம். நீலம் இழப்பது பத்திலொரு பங்கு அளவுதான். மாலை ஆறு மணிக்குப் பார்த்துப் பார்த்து அமைத்த இதமான வெள்ளை, எட்டு மணிக்கு நீலம் பாய்ந்திருப்பது இதனால். நல்ல விளக்குகள் வெப்பத்தை உணர்ந்து மற்ற நிறங்களையும் சேர்த்து இறக்கி, நிறம் மாறாமல் காக்கும். அந்தக் காவலுக்கும் அலுமினிய உடம்புக்கும் சத்தமில்லாத விசிறிக்கும்தான் விலையில் பெரும்பகுதி. கச்சேரி மேடையில் தம்புராவோடு சேர்ந்து விசிறியும் சுருதி பிடித்தால் என்ன செய்வது?

மங்கவைப்பதிலும் விலை வித்தியாசம் பேசும். எல்இடியை மங்கவைப்பது பெரும்பாலும் அதிவேகமாக அணைத்து ஏற்றித்தான். நொடிக்குச் சில நூறு முறை என்றால் கண்ணுக்குத் தெரியாது, கைப்பேசி வீடியோவில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். பல ஆயிரம் முறை என்றால் கேமராவும் ஒத்துக்கொள்ளும். அரங்கேற்றத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் கைப்பேசியோடு இருக்கும் காலத்தில் இது சின்ன விஷயமல்ல. மெல்ல இருட்டாகும் காட்சிகளில் 256 படிகளில் இறங்கும் மலிவு விளக்கு, கடைசிப் படிகளில் தடக் தடக்கென்று தடுக்கும். 65,536 படிகள் உள்ளது வழுக்கிக்கொண்டு போகும்.

இப்போது காசு. 5,000 ரூபாய் விளக்கு, முகத்துக்குத் தேவையான வெள்ளையில் 600 லூமன் தருகிறது. 20,000 ரூபாய் விளக்கு 3,000 லூமன் தருகிறது என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் லூமனுக்கு எட்டு ரூபாய் சொச்சம், இரண்டாவதில் ஏழுக்கும் குறைவு. மலிவு விளக்கு ஐந்து சேர்ந்தால்தான் மற்றொன்றுக்கு ஈடு. அப்போது ஐந்து கொக்கி, ஐந்து பாதுகாப்புக் கம்பி, ஐந்து டிஎம்எக்ஸ் கட்டுப்பாட்டு ஒயர், ஐந்து முறை ஏணி. ஐந்து விளக்குகளின் ஐந்து நிழல் பின்திரையில் விழும். நிறச் சில்லுகள் தனித்தனியாக இருந்தால் ஒவ்வொரு நிழலின் ஓரமும் சிவப்பு பச்சை என்று பிரிந்து நிற்கும். பின்புறத்துக்கு, திரைச்சீலைக்கு, தூணுக்கு வண்ணம் பூச அந்த மலிவு விளக்கு தாராளம். முகத்துக்கு வேண்டாம்.

மின்சாரம் மிச்சமாகும் என்பதை எல்லாருக்கும் பொதுவான வரமாகச் சொல்வதும் சரியில்லை. 1000 வாட் ஹாலஜன் பன்னிரண்டு, மூன்று மணி நேரம் எரிந்தால் 36 யூனிட். அவற்றின் இடத்தில் 120 வாட் எல்இடி பன்னிரண்டு என்றால் நாலரை யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் பத்து ரூபாய் என்றால் இரவுக்கு 300 ரூபாய் சொச்சம் மிச்சம். ஆண்டில் இருநூறு இரவு இயங்கும் அரங்கத்துக்கு அறுபதாயிரத்தைத் தாண்டும். குளிர்சாதனச் சுமை குறைவது, தடித்த கேபிளும் டிம்மர் பெட்டியும் தேவைப்படாதது, 300 மணி நேரத்துக்கு ஒருமுறை பல்பு மாற்றவேண்டாதது எல்லாம் தனி. ஆண்டுக்கு மூன்று நாள் திருவிழா நடத்தும் கிராமத்துக்கோ மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். அவர்கள் விளக்கு வாங்கிக் கோயில் கிட்டங்கியில் எலிக்குக் கொடுப்பதைவிட வாடகைக்கு எடுப்பதே லாபம்.

‘50,000 மணி நேரம் உழைக்கும்’ என்ற வாசகத்தையும் கண்டு மயங்கவேண்டாம். அது சில்லின் ஒளி எழுபது சதவீதமாகத் தேயும் காலம். இருநூறு இரவு, இரவுக்கு மூன்று மணி என்றால் எண்பது ஆண்டுக்கு மேல். பேரன் காலத்திலும் எரியவேண்டும். உண்மையில் முதலில் சாவது சில்லல்ல. மின்மாற்றுப் பலகையிலுள்ள கெப்பாசிட்டர், தூசி அடைத்த விசிறி, மழை புகுந்த இணைப்பு. பத்து டிகிரி சூடு கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுக்காரர்களின் பழைய விதி. எனவே ஆயுள் எண்ணை விட்டுவிட்டு, பவர் சப்ளை பலகை தனியாகக் கிடைக்குமா, உள்ளூரில் யார் மாற்றித்தருவார் என்று கேளுங்கள்.

வாங்கப்போகும் முன் செய்யவேண்டியது இவ்வளவுதான். விளக்கைக் கடையில் பார்க்காதீர்கள். ஒரு நாள் உங்கள் அரங்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கட்டப்போகும் அதே தூரத்தில் வைத்து, இரண்டு போட்டி விளக்குகளையும் முகத்துக்கு ஏற்ற ஒரே வெள்ளைக்குக் கொண்டுவாருங்கள். அரைமணி நேரம் எரியவிட்டபின் சில ஆயிரம் ரூபாய் லக்ஸ் மீட்டரால் வட்டத்தின் நடுவிலும், அரை மீட்டர், ஒரு மீட்டர் தள்ளியும் அளந்து எழுதுங்கள். மலிவு மீட்டர்கள் அடர்நீலத்திலும் சிவப்பிலும் பிழை காட்டும். வெள்ளையில் ஒன்றோடொன்று ஒப்பிடக் கைப்பேசிச் செயலிகூட ஓரளவு போதும். பட்டுப் புடவை கட்டிய ஒருவரை நடுவில் நிற்கவைத்து, பத்தாவது வரிசையிலிருந்து பாருங்கள், கைப்பேசியில் பதிவும் செய்யுங்கள். பெரிய அரங்கத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் எல்எம்-79 சோதனை அறிக்கையையும், விளக்கின் ஒளிப்பரவலைக் கோணவாரியாகச் சொல்லும் ஐஇஎஸ் கோப்பையும் கேட்டு வாங்கவேண்டும். ஒரு நாள் சோதனைக்கு விளக்கைத் தரமறுக்கும் கடையில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.